தனித்தனியே தாங்கியவை

2007 நவம்பர் 15 அன்று மகேந்திரகிரி அடிவாரத்தில், இந்தியா சொந்தமாக உருவாக்கிய கிரையோஜெனிக் ராக்கெட் நிலை 720 விநாடி இடைவிடாமல் எரிந்தது. வானத்தில் எவ்வளவு நேரம் எரியவேண்டுமோ அவ்வளவு நேரமும் தரையிலேயே எரித்துக் காட்டியாயிற்று. இரண்டரை ஆண்டு கழித்து, 2010 ஏப்ரல் 15 அன்று, அதே வகை நிலையைச் சுமந்துகொண்டு ஜி.எஸ்.எல்.வி.-டி3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. கீழ் நிலைகள் ஒழுங்காக வேலை செய்தன. கிரையோஜெனிக் எஞ்சினும் பற்றிக்கொண்டது. ஆனால் அதற்குத் திரவ ஹைட்ரஜனைத் தள்ளித் தரவேண்டிய பூஸ்டர் டர்போ பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்று வேகத்தை எட்டிவிட்டு, எஞ்சின் தொடங்கிய 0.9 விநாடியில் தளர ஆரம்பித்து, அடுத்த 0.6 விநாடியில் நின்றே போனது. தரையில் பன்னிரண்டு நிமிடம். மேலே ஒன்றரை விநாடி.

இஸ்ரோவின் ஆய்வுக்குழு இரண்டு காரணங்களை முன்வைத்தது. பம்பின் ஒரு சீல், சுழலும் தண்டைக் கவ்வி நிறுத்தியிருக்கலாம். அல்லது அளவுக்கு மீறிய அழுத்தமும் வெப்பத் தகைவும் சேர்ந்து டர்பைனின் உறையைப் பிளந்திருக்கலாம். எதுவென்று கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லப் பாகம் இல்லை; அது கடலுக்குள் போய்விட்டது. இரண்டில் எதை எடுத்தாலும், அது ஒரே ஒரு நெருக்கடியின் வேலை இல்லை. மைனஸ் 253 டிகிரிக் குளிர், அசுரச் சுழற்சி, அழுத்தம் எல்லாம் உள்ளங்கையளவு இடத்தில் சந்திக்கிற புள்ளி அது. இவை தரைச் சோதனையிலும் இருந்தவைதான். ஆனால் ஐந்து நிமிடம் குலுங்கிக்கொண்டே மேலேறி, வெற்றிடத்தில் போய்ப் பற்றவேண்டிய நிலைமை தரையில் இல்லை.

விண்கலத்துக்கும் விமானத்துக்கும் போகிற கருவியைச் சூடு, குளிர், அதிர்வு, ஈரம், வெற்றிடம் என்று தனித்தனியே சோதித்துவிட்டு, எல்லாம் சேர்ந்து வந்தாலும் தாங்கும் என்று கையெழுத்துப் போடலாமா? இந்தத் துறையில் எழுபது ஆண்டாக நடக்கும் வழக்கு இது. இன்னும் தீரவில்லை.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பேருந்து, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து காவல்கிணறை நெருங்கும்போது, இடப்புறம் எழுந்து நிற்பது மகேந்திரகிரி. 1,645 மீட்டர் உயரம். இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் கணக்குப்படி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும், அந்த மலை திருநெல்வேலி, கன்னியாகுமரி இரு மாவட்டத்துக்கும் பொதுவான எல்லைச் சுவர். திரவ உந்துவிசை அமைப்பு மையமான எல்.பி.எஸ்.சி.யின் பகுதியாக இருந்த இவ்வளாகம் 2014 பிப்ரவரியில் தனி மையமானது. விகாஸ் எஞ்சினுக்குப் பின்னால் நின்ற நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்தவர். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் தலைவரான வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர், எல்.வி.எம்.3 ராக்கெட்டின் சி25 கிரையோஜெனிக் நிலைக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர். கன்னியாகுமரி போன்ற சின்ன மாவட்டத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான். பெருமை பேசிக்கொள்ள இது இடமில்லை என்பதால் விஷயத்துக்குப் போகலாம்.

தனித்தனிச் சோதனை சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல. அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்.டி.டி.-810 தரநிலை 1962இல் வந்தது. நம் ராணுவ மின்னணுக் கருவிகளுக்கு ஜே.எஸ்.எஸ். 55555 இருக்கிறது. இரண்டிலும் சோதனைகள் வரிசையாக நிற்கின்றன. கருவியை வெப்ப அறையில் வை; எடு; அதிர்வு மேசையில் முடுக்கு; எடு; உப்புநீர்த் தூவலில் விடு. இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. கருவி செத்தால் எதனால் செத்தது என்று தெரியும். நான்கு நெருக்கடிகளை ஒரே நேரத்தில் கொடுத்து, கருவியும் செத்துவிட்டால், பிரேதப் பரிசோதனைக்கே மாதக்கணக்காகும்.

ஆனால் வரிசைக்கும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. 1954இல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்றும் ஏப்ரலில் நேப்பிள்ஸ் பக்கம் ஒன்றும், நடுவானில் சிதறின. முதலாவது சுமார் 1,290 முறையும் இரண்டாவது சுமார் 900 முறையும்தான் பறந்திருந்தன. தயாரிப்பாளர்களோ உடற்பகுதி ஒன்றை 16,000 முறை வரை காற்றழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்து நிம்மதியாக இருந்தார்கள். பிசகு எங்கே என்றால், அந்தச் சோதனை உடற்பகுதியை அதற்கு முன்பே வழக்கமானதைப்போல இருமடங்கு வரை அழுத்தம் ஏற்றிச் சோதித்திருந்தார்கள். அந்த மிகையழுத்தம் ஜன்னல் மூலைகளில் உலோகத்தை லேசாக இழுத்து, களைப்பை எதிர்க்கும்படி இறுக்கிவிட்டது. முதல் சோதனை அடுத்த சோதனையைப் பொய்யாக்கியது.

உண்மையைக் கண்டுபிடித்ததும் ஒரு கூட்டுச் சோதனைதான். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டி, முழு விமானத்தை உள்ளே இறக்கி, உடலுக்குள் தண்ணீரால் அழுத்தம் ஏற்றினார்கள். அதே சமயம் தொட்டிக்கு வெளியே நீண்டிருந்த சிறகுகளை ஹைட்ராலிக் ஜாக்கிகள் பறப்பதைப்போல மேலும் கீழும் வளைத்தன. அந்த விமானம் ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்தது. தொட்டியில் இன்னும் 1,836 சுற்று ஆனபோது பிளந்தது.

இனி, நெருக்கடிகள் சேரும்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும்.

ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள் இருக்கின்றன. தரையில் அவற்றிடையே பொறி தாவ ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். முழு வெற்றிடத்திலும் எளிதில் தாவாது. ஆனால் சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும் இடத்தில், 330 வோல்ட்டுக்குப் பக்கமே போதும். பாஷன் என்ற இயற்பியலாளர் வகுத்த விதி இது. ஆக, தரையில் மின்சாரம் கொடுத்துச் சோதித்தால் கருவி தேறும். வெற்றிடக் கலத்தில் வைத்து, அழுத்தம் முழுதும் இறங்கியபின் சுவிட்சைப் போட்டாலும் தேறும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்றை வெளியேற்றினால்தான், நடுவழியில் அது நீலமாக மினுங்கிக் கருகுவது தெரியும்.

அதிர்வும் குளிரும் சேர்வது இன்னொரு கதை. மின்னணுப் பெட்டிகளைக் குலுக்கலிலிருந்து காப்பாற்ற ரப்பர்த் தாங்கிகள் வைப்பார்கள். குளிரில் ரப்பர் விறைக்கிறது. விறைத்தால் பெட்டி எந்த அதிர்வெண்ணுக்கு ஆடும் என்பதே மாறிவிடும். சாதாரண வெப்பத்தில் அதிர்வு மேசையில் ஏற்றித் தேறிய பெட்டிக்கும், குளிர்ந்த நிலையில் ஆடும் பெட்டிக்கும் பெயர்தான் ஒன்று. ஈரம் இதைவிடத் தந்திரமானது. மூடி இறுக்கிய பெட்டியானாலும் விமானம் ஏறும்போது உள்காற்று கசிந்து வெளியேறும். இறங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். பலமுறை ஏறி இறங்கியபின் பெட்டிக்குள் தண்ணீர் நிற்கும். ஈரச் சோதனை மட்டும் செய்தால் இது தெரியவே தெரியாது.

சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் விபத்தை எல்லோரும் கேட்டிருப்போம். அதைக் கூட்டு நெருக்கடியாகப் பார்ப்பவர்கள் குறைவு. 1986 ஜனவரி 28 காலை ஏவுதளத்தில் வெப்பம் சுமார் 2 டிகிரி. அதற்கு முன் ஏவியதில் மிகக் குளிர்ந்த நாளே 12 டிகிரிக்கு அருகில்தான் இருந்தது. திட எரிபொருள் ராக்கெட்டின் துண்டுகள் சேரும் மூட்டில் ஓ-வளையம் என்ற ரப்பர் அடைப்பு உண்டு. வீட்டில் குக்கர் மூடியின் கேஸ்கட் செய்கிற அதே வேலை. பற்றவைத்த கணத்தில் உள்ளழுத்தம் மூட்டைச் சற்றே விரிக்கிறது. விரிகிற இடைவெளியை வளையம் அரை விநாடிக்குள் துரத்திப் பிடித்து அடைக்கவேண்டும். மூட்டு விரியும் என்பது 1977 வாக்கிலேயே தெரியும். குளிரில் ரப்பர் மந்தமாகும் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே கணத்தில் வந்தால் வளையம் துரத்திப் பிடிக்குமா என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் சோதனைப் பதில் இல்லை.

அந்த விபத்து இன்னொரு கலத்தையும் மறைமுகமாகப் பாதித்தது. வியாழனுக்குப் போகவேண்டிய கலிலியோ 1986 மே மாதம் ஓடத்தில் ஏறவேண்டியது. ஏவுதல் தள்ளிப்போனதால் ஃபுளோரிடாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கும் மறுபடி ஃபுளோரிடாவுக்கும் லாரியில் பயணப்பட்டது. கடைசியில் 1989இல் கிளம்பியது. 1991 ஏப்ரலில் குடைபோல விரியவேண்டிய பெரிய ஆன்டெனா பாதியில் சிக்கிக்கொண்டது. சாலைக் குலுக்கலில் ஆன்டெனாவின் ஊசிகள் உரசி, அவற்றின்மேல் பூசியிருந்த மாலிப்டினம் டைசல்ஃபைடு உலர்மசகு தேய்ந்துவிட்டது என்பதே நிபுணர்களின் முடிவு. காற்றில் இருந்திருந்தால் தேய்ந்த இடத்தில் ஆக்ஸைடு படலம் படிந்து ஓரளவு காப்பாற்றியிருக்கும். வெற்றிடத்தில் அதற்கு வழியில்லை. உலோகம் உலோகத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் கதைகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொதுக்குணம் தெரிகிறது. ஒரு நெருக்கடி, மற்றொரு நெருக்கடி சோதிக்கப்போகிற பண்பையே மாற்றிவிடுகிறது. குளிர் ரப்பரின் துள்ளலை மாற்றுகிறது. அழுத்த இழுபறி அந்தத் துள்ளலை நம்பியிருக்கிறது. குலுக்கல் பூச்சைத் தின்கிறது. வெற்றிடம் அந்தப் பூச்சை நம்பியிருக்கிறது. எங்கெல்லாம் இப்படி ஒன்றின் கை மற்றொன்றின் மடியில் இருக்கிறதோ, அங்கே கூட்டுச் சோதனை கட்டாயம். அப்படித் தொடர்பு இல்லாத இடத்தில் எல்லா நெருக்கடிகளையும் சேர்த்துக் கொடுப்பது பணம் செலவழித்து வேடிக்கை பார்ப்பதுதான் என்பது என் கட்சி.

எதிர்க்கட்சிக்கும் வரலாறு இருக்கிறது. 1957இல் அமெரிக்காவில் ஏ.ஜி.ஆர்.இ.இ. என்ற மின்னணு நம்பகத்தன்மைக் குழு அறிக்கை தந்தபின், வெப்ப அறையையும் அதிர்வு மேசையையும் ஒன்றாக்கி, கருவியை அணைத்தும் ஏற்றியும் ஓட்டும் கலங்கள் புழக்கத்துக்கு வந்தன. பின்னாளில் வெப்பம், ஈரம், அதிர்வு, உயரம் நான்கையும் சேர்த்துக் கொடுக்கும் முறை மில்-எஸ்.டி.டி.-810இலேயே 520ஆம் எண்ணில் இடம்பிடித்தது. கிரெக் ஹாப்ஸ் பரப்பிய ஹால்ட் முறை ஒரு படி மேலே போனது. பயன்பாட்டு அளவை மறந்துவிடு, சடசடவென்று வெப்பத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே எல்லாத் திசையிலும் குலுக்கு, எங்கே உடைகிறது என்று பார், அதைச் சரிசெய். பலவீனத்தை விரைவாகக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் வாழ்நாளில் வரவே வராத கொடுமையில் உடைந்த ஒன்றைப் பலப்படுத்தப் போய், கருவி கனத்துவிடும். ராக்கெட்டில் கிராம் கணக்கு.

மகேந்திரகிரியில் நடப்பது இவற்றிலெல்லாம் நுட்பமானது. அங்கே ஹாட் என்று சொல்லும் உயர்வெளிச் சோதனை நிலையம் இருக்கிறது. மேல்நிலை எஞ்சின் வெற்றிடத்தில் பற்றவேண்டியது. தரையில் அதைப் பற்றவைத்தால் இரண்டு சங்கடம். ஒன்று, பற்றுவதே வேறு மாதிரி நடக்கும். வெற்றிடத்தில் எரிபொருள் குழாயை விட்டு வந்ததுமே கொதித்து ஆவியாகப் பார்க்கும். இரண்டாவது முனைக்குழல். எல்.வி.எம்.3இன் சி.இ.-20 எஞ்சினில் அதன் வாய், கழுத்தைப்போல நூறு மடங்கு பரப்பு. வெளியேறும் வாயுவின் அழுத்தம் அங்கே 50 மில்லிபார் அளவுதான். சுற்றியுள்ள காற்றோ ஆயிரம் மில்லிபாருக்கு மேல். வெளிக்காற்று முனைக்குழலுக்குள் புகுந்து, ஓடும் வாயுவைச் சுவரிலிருந்து பிரிக்கும். பிரிந்த ஓட்டம் அதிர்வையும் சூட்டையும் ஒரே இடத்தில் குவித்து, குழலையே கிழித்துவிடும்.

ஆகவே எஞ்சினை வெற்றிடக் கலத்துக்குள் வைத்து, அதன் வாயை டிஃப்யூசர் எனும் நீண்ட குழாய்க்குள் விடுவார்கள். இத்தகைய நிலையங்களில் முதலில் எஜெக்டர்கள் காற்றை உறிஞ்சி எடுக்கும். எஞ்சின் பற்றியபின் அதன் சொந்த வாயுவோட்டமே கலத்தைக் காலியாக வைத்துக்கொள்ளும். அணைக்கும் கணம் ஆபத்தானது. உள்ளே தள்ளிக்கொண்டிருந்த ஓட்டம் நின்றதும் வெளிக்காற்று திரும்பிப் பாய்ந்து முனைக்குழலை அறையும். அதற்குள் அந்த வழியை அடைக்கவேண்டும். குளிர், நெருப்பு, வெற்றிடம், அதிர்வு நான்கும் இங்கே நிஜமாகவே ஒன்றாக இருக்கின்றன. 2010 தோல்விக்குப் பிறகு கிரையோஜெனிக் எஞ்சினை வெற்றிடத்தில் பற்றவைத்துப் பார்த்ததும் இங்கேதான். குளிரில் பம்பின் பேரிங்கும் உறையும் எப்படிச் சுருங்கி விரிகின்றன என்பதைக் கணக்கில் எடுத்து வடிவமைப்பை மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 ஜெயித்தது.

ககன்யான் திட்டத்துக்காக சி.இ.-20இன் மனிதப் பயணத் தகுதிச் சோதனைகள் 2024 பிப்ரவரி 13 அன்று ஏழாவது வெற்றிடப் பற்றவைப்போடு இங்கே முடிந்தன. நான்கு எஞ்சின்கள், வெவ்வேறு நிலைமைகளில் 39 சுடுசோதனை, மொத்தம் 8,810 விநாடி. தேவைப்பட்டது 6,350. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, முனைக்குழலுக்குக் காப்பமைப்பு ஒன்று பொருத்தி, வெற்றிடக் கலமே இல்லாமல் கடல்மட்ட அழுத்தத்தில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். உயர்வெளி நிலையம் செலவும் சிக்கலும் மிகுந்தது; எல்லாச் சோதனைக்கும் அதைக் கட்டியழ முடியாது. பற்றுவதைச் சோதிக்க வெற்றிடம் கட்டாயம். உருவாக்கிய ஒவ்வொரு எஞ்சினும் சொன்ன உந்துவிசையைத் தருகிறதா என்று பார்க்க அது வேண்டியதில்லை. எதைச் சேர்க்கவேண்டும் என்று தெரிந்தவர்களுக்கே எதைப் பிரிக்கலாம் என்பதும் தெரிகிறது.

அப்படியும் தப்பிப்போவதுண்டு. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10இல் கிரையோஜெனிக் எஞ்சின் பற்றவே இல்லை. ஹைட்ரஜன் தொட்டியில் போதிய அழுத்தம் இல்லை. வெளியேற்று வால்வு ஒன்று கசிந்திருந்தது. அதன் மென்மையான சீல் சேதமானதற்கு, மாசும் கடுங்குளிரில் வால்வைப் பொருத்திய இடத்தில் எழுந்த தகைவும் காரணமாக இருக்கலாம் என்றது குழு. அறை வெப்பத்தில் திருகிப் பொருத்தும்போது சரியாக இருந்த இறுக்கம், குளிரில் எல்லாம் சுருங்கும்போது சீலைக் கோணலாக அழுத்துகிறது. ரப்பர்த் தாங்கியும் ஓ-வளையமும் சொன்ன அதே பாடம். அதன்பின் தொட்டி அழுத்தத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும் அமைப்பைச் சேர்த்தார்கள்.

நெருக்கடி பறக்கும்போது மட்டும் வருவதில்லை என்பதற்கு டி5இன் முதல் முயற்சியே சாட்சி. 2013 ஆகஸ்ட் 19 அன்று, கிளம்ப 1 மணி 14 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிந்தது. அந்தத் தொட்டிகள் 7020 வகை அலுமினியக் கலவையால் ஆனவை. இழுவிசையும் அரிக்கும் சூழலும் சேர்ந்தால் காலப்போக்கில் நுண்விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு. 2219 கலவைக்கு மாறினார்கள். இழுவிசை தனியே அதை உடைக்காது. உப்பீரம் தனியே அதைப் பிளக்காது. உப்புத் தூவல் சோதனையில் 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீரைத் தெளிக்கிறார்கள். ஆனால் வழக்கமாக அந்தப் பாகத்தின்மேல் பாரம் இருப்பதில்லை. முட்டத்திலோ குளச்சலிலோ கடலைப் பார்த்து வீடு கட்டியவர்களைக் கேட்டால், எந்தக் கம்பி முதலில் போகும் என்று சொல்வார்கள். குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே காத்திருக்கப்போகிற ராக்கெட்டுகளுக்கு, பாரத்தோடு சேர்ந்த உப்புக்காற்றுச் சோதனைதான் முதலில் எழுதப்படவேண்டிய விதி என்பேன்.

சேர்க்கவே முடியாதவையும் உண்டு. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தில் 1,100 கன மீட்டர் ஒலியறை இருக்கிறது. ராக்கெட் கிளம்பும் இரைச்சலை அதில் செயற்கைக்கோளுக்குக் காட்டுகிறார்கள். ஒலிக்குக் காற்று வேண்டும். வெற்றிடத்தோடு அதைச் சேர்க்க வழியில்லை, சேர்க்கத் தேவையும் இல்லை. பறக்கும்போதும் அவை ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. எடையின்மையோ தரையில் நீண்டநேரம் கிடைக்காதது. தொட்டிக்குள் மிதக்கும் திரவம் மறுமுறை பற்றவைக்கும்போது எங்கே இருக்கும் என்பதை எந்த அறையும் முழுதாகச் சொல்லாது. 2025 பிப்ரவரியில் சி.இ.-20இன் மறுபற்றவைப்புக்கான புதிய பற்றவைப்பானை வெற்றிடத்தில் சோதித்தார்கள். திரவத்தின் மிதப்பு மட்டும் கணக்கின் பொறுப்பில்தான் இருக்கிறது.

இப்போது மகேந்திரகிரியில் கனத்த வேலை செமி-கிரையோ எஞ்சின். திரவ ஆக்ஸிஜனும் மண்ணெண்ணெயும். 2,000 கிலோ நியூட்டன் உந்துவிசை. இதன் டர்பைனைச் சுழற்றுவது ஆக்ஸிஜன் மிகுந்த சூடான வாயு. சூட்டை மட்டும் தாங்கும் உலோகம் இருக்கிறது. ஆக்ஸிஜனை மட்டும் தாங்குவதும் இருக்கிறது. இரண்டும் உயர் அழுத்தத்தில் சேர்ந்தால் உலோகமே எரிபொருளாகி எரியத் தொடங்கும். 2023 ஜூலை 1 அன்று எரிப்பறை சேராத அதன் தலைப்பகுதியை மட்டும் 4.5 விநாடி ஓட்டத் திட்டமிட்டு, 1.9 விநாடி வரை எதிர்பார்த்தபடியே போனது; உடனே டர்பைன் அழுத்தம் திடீரென எகிறி, வேகம் விழுந்து, சோதனையை நிறுத்தினார்கள். 2024 மே 2 அன்று, அந்தச் சூடான வாயுவைத் தரும் முன்னெரிப்பானை மட்டும் தனியே பற்றவைத்துப் பார்த்தார்கள். 2025 மார்ச் 28 அன்று தலைப்பகுதி மறுபடி ஏறியது, 2.5 விநாடி சரியாக ஓடியது. கடைசியில் பம்புகள், எரிப்பறை, முனைக்குழல் எல்லாம் சேர்ந்த முழு எஞ்சின் அதே மேடையில் ஏறவேண்டும்.